"அழிச்சிட்டேன்க்கா" என்று சொல்லியிருந்தேன்

சென்ற ஆண்டு ஒரு மாலை, எங்கள் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இளையவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு 16 ஜிபி பென் டிரைவ். அதற்கு ஓராண்டுக்கு முன் நான்தான் அதை ஃபார்மட் செய்து அவருக்குக் கொடுத்திருந்தேன். அதில் வைத்திருந்த தன் ஆய்வேட்டின் இயல் ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டாராம். நண்பர் யாரோ சொல்லி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டியிருக்கிறார். இயல் மீண்டும் கிடைத்துவிட்டது. கூடவே வேறு சில கோப்புகளும் கிடைத்திருக்கின்றன.

"அண்ணா, இதுல ஆடியோ எல்லாம் இருக்கு. கேள்வி கேட்கிறது உங்க குரல் மாதிரி இருந்துச்சு. ஒண்ணுல மட்டும் ரெண்டு நிமிஷம் கேட்டேன். அதுக்கு மேல கேட்கல."

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு என் குரல். பிறகு அந்த அக்காவின் குரல்.

2019 இல் அவரைச் சந்தித்தேன். சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு, பிறந்த ஊரிலிருந்து பல மாவட்டங்கள் தள்ளி, வாடகை வீட்டில் கணவரோடும் குழந்தையோடும் இருந்தார். பக்கத்து வீட்டாருக்கு அவருடைய சொந்த ஊர் தெரியாது. கதவைச் சாத்திவிட்டு, டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத்தான் பேச உட்கார்ந்தார். முடிந்து எழும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, எழுதி முடிச்சதும் இதை அழிச்சிருவீங்கல்ல?" கண்டிப்பாக அழித்துவிடுவேன் என்றேன். 2021 இல் பேட்டியை எழுத்தில் பெயர்த்து முடித்ததும் அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். அவருக்கு போன் செய்து "அழிச்சிட்டேன்க்கா" என்று சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு அப்போது இல்லை.

அந்தப் பென் டிரைவிலிருந்து மொத்தம் 11 பேட்டிகள் மீண்டு வந்திருந்தன. கோப்புகளின் பெயர்கள் மட்டும் போய், வெறும் எண்களாக இருந்தன. குரல்கள் அப்படியே இருந்தன.

எங்கள் சமூக அறிவியல் துறைகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணினிக்காரர்களின் சங்கதி என்று விட்டுவிடுகிறோம். சாதி வன்முறைக்கு ஆளானவர்களின் வாயிலிருந்து சொற்களை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், அந்தச் சொற்கள் எங்கே தங்குகின்றன என்று தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

டெலீட் அழுத்தினால் என்ன நடக்கிறது?

ரேஷன் கார்டில் ஒருவர் பெயரை நீக்கினால் அவர் வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை. அரிசி அளக்கும்போது கணக்கில் வரமாட்டார், அவ்வளவுதான். கணினியும் இதைத்தான் செய்கிறது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நாம் அழித்ததும், அந்தப் பட்டியலில் "இந்த இடம் காலி, வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம்" என்று குறித்துக்கொள்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தை அது தொடுவதே இல்லை. அதே இடத்தில் புதிதாக வேறொன்று எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். சில நாளும் கிடக்கலாம், சில ஆண்டும் கிடக்கலாம்.

"குயிக் ஃபார்மட்" என்பதும் இதேதான். பட்டியலைப் புதிதாகத் தொடங்குகிறது. வீட்டுக்குள் இருப்பவர்களைத் தொடுவதில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, அந்த "குயிக்" என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால் மட்டுமே தட்டு முழுவதும் சுழியங்களால் நிரப்பப்படுகிறது. அதற்கு நேரமாகும் என்பதால் யாரும் அந்த டிக்கை எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. இளையவர் அந்தப் பென் டிரைவில் வைத்திருந்தவை சின்னச் சின்ன வேர்டு கோப்புகள். 16 ஜிபியில் அவை ஒரு மூலையில்தான் இருந்தன. அக்காவின் குரல் இருந்த இடத்துக்கு எதுவும் வந்து உட்காரவில்லை.

எனக்கு மட்டும் நேர்ந்த அசட்டுத்தனம் என்று முதலில் நினைத்தேன். 2003 இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழைய விலைக்கு 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கியிருந்தார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து கிடைத்தவற்றில் 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் இருந்தன. விற்றவர்களில் பலர் தாங்கள் அழித்துவிட்டதாகவே நம்பியிருப்பார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அதே நம்பிக்கையோடு பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறோம்.

குரலே முகவரி

"பெயரை மாற்றித்தானே ஆய்வேட்டில் எழுதுகிறோம், பிறகு என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆய்வேட்டில் பெயரை மாற்றலாம். குரலில் எதை மாற்றுவது? தமிழ் நிலத்தில் ஒருவர் பத்து வாக்கியம் பேசினால், எந்தப் பகுதி என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். இருபது வாக்கியம் பேசினால் என்ன சாதி என்று ஊகிக்கிறவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். மாமாவை எப்படிக் கூப்பிடுகிறார், குலசாமியை என்ன பெயரில் சொல்கிறார், ஊரில் தெருவை எப்படிக் குறிக்கிறார் என்பதெல்லாம் அடையாளங்கள். மொழியியல் துறையில் பாடமாக வைக்கப்படும் விஷயம், சாதிவெறியரின் கையில் தேடுதல் கருவியாகிவிடும்.

பிரிந்து வந்த இணையர்களுக்கு முகவரி என்பது உயிர். இதை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்தை ஊரறியப் பொதுவில்தான் நடத்த வேண்டும், வழக்கறிஞர் அறையில் நடத்தினால் செல்லாது என்று 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி வருகிறவர்களைப் பொதுவில் அறிவிக்கச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால், 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணம் செய்ய வருகிறவர்களின் பெயரும் முகவரியும் உள்ள அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படுகிறது. ஆட்சேபணை தெரிவிக்க 30 நாள் தரப்படுகிறது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு யார் கிளம்பி வருவார்களோ என்று எத்தனை இணையர்கள் பயந்து நின்றிருக்கிறார்கள் என்பது இந்தத் தளத்தில் எழுதும், படிக்கும் தோழர்களுக்குத் தெரியும்.

அரசு ஒட்டும் அந்தத் தாளை எதிர்த்து நாம் கூட்டம் போடுகிறோம், கட்டுரை எழுதுகிறோம். அதைவிட அதிக விவரம் உள்ள ஒலிப்பதிவுகளைப் பென் டிரைவில் போட்டுக் கைமாற்றிக்கொண்டும் இருக்கிறோம்.

ஆவணத்தை அழிக்கலாமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. என் நெறியாளரே அதைக் கேட்டார். ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு எப்போதும் அழிக்கப்பட்டே வந்திருக்கிறது, நாமே ஏன் அழிக்க வேண்டும் என்றார். 1907 முதல் 1914 வரை அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து வாராவாரம் நடத்திய இதழின் பக்கங்கள் பலருடைய வீடுகளில் பாதுகாக்கப்பட்டதால்தான் 1999 இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்துக் கொண்டுவர முடிந்தது. அண்ணல் அம்பேத்கர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் காக்கப்பட்டதால்தான் 1979 முதல் மகாராஷ்டிர அரசின் தொகுதிகள் வந்தன. பழைய தாள் என்று யாராவது கொளுத்தியிருந்தால் நம் கையில் என்ன இருந்திருக்கும்?

சரிதான். கோகுல்ராஜ் வழக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் சிசிடிவி கேமராவில் பதிவான காட்சிகள் அந்த வழக்கில் முக்கியமான சாட்சியமாக நின்றன. மனிதர்கள் பிறழ்சாட்சியாக மாறிய வழக்கில் காட்சிப் பதிவு மாறாமல் நின்றது. 2022 இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் கொடுத்த தண்டனையைப் பெரும்பாலும் 2023 இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தப் பதிவு அழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு நேர் எதிரானது சாத்தான்குளம். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடித்துச் சித்திரவதை செய்யப்பட்டு இறந்த பிறகு, அங்கே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை அனுப்பினார். நிலையத்தின் சிசிடிவிக்கு 1 டிபி கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க் இருந்தும், பதிவுகள் அன்றாடம் தானாகவே அழிந்துபோகும்படி அமைத்து வைக்கப்பட்டிருந்தது என்பது அதில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், அதற்கு வழியில்லை என்றால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒன்று புலப்படுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவெடுப்பது அதிகாரம். காவல் நிலையத்தில் அந்த அதிகாரம் லத்தி வைத்திருப்பவரிடம் இருக்கிறது. கள ஆய்வில் அது ரெக்கார்டர் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. சேரிக்கு வெளியிலிருந்து வந்த மானிடவியலாளர்களும் அதிகாரிகளும் நூறாண்டுக்கு மேலாக நம் மக்களை அளந்து, படம் பிடித்து, குறிப்பெடுத்துப் போனார்கள். அவர்களிடம் யாரும் "இதைத் திருப்பிக் கொடு" என்று கேட்க முடிந்ததில்லை. இப்போது நம் சமூகத்துப் பிள்ளைகளே ஆய்வாளர்களாகப் போகிறோம். நாமும் அதே போல வாங்கிக்கொண்டு மட்டும் போவதா?

அயோத்திதாசர் எழுதியதை ஊர் படிக்கவே எழுதினார். அக்கா பேசியதைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆவணமாக இருக்கட்டும் என்று அக்கா சொன்னால் காப்பது என் வேலை. வேண்டாம் என்று சொன்னால் அழிப்பது என் வேலை. வருங்கால வரலாற்றாசிரியருக்கு உதவும் என்ற காரணத்தைச் சொல்லி அவருடைய சொல்லை நான் மீற முடியாது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு நடந்துகொண்டிருந்தாலோ, வர வாய்ப்பிருந்தாலோ எதையும் அழிக்கக் கூடாது. சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241 ஆம் பிரிவின்படி குற்றம். அது நம் தரப்புக்கே பாதகமாகவும் முடியும். முதலில் வழக்கறிஞரிடம் பேச வேண்டும்.

சட்டம் நம்மைக் கேட்காது

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று தேடினேன். 2018 இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தயாரித்த தனிநபர் தரவு மசோதாவில், "உணர்திறன் மிக்க தனிநபர் தரவு" என்று ஒரு வகை இருந்தது. உடல்நலம், பாலியல் வாழ்வு ஆகியவற்றோடு சாதியும் பழங்குடி அடையாளமும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2019 மசோதாவிலும் இருந்தன. கடைசியில் 2023 இல் சட்டமாக வந்தபோது அந்த வகையே காணாமல் போயிருந்தது. ஒருவரின் சாதியும் அவர் பீட்சா வாங்கிய விவரமும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரமான தரவாகிவிட்டன.

அதே சட்டத்தின் 12 ஆம் பிரிவு, தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. ஆனால் 17 ஆம் பிரிவு, அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்கு விலக்குத் தருகிறது. ஆய்வு, ஆவணக் காப்பு, புள்ளிவிவரம் ஆகியவற்றுக்கும் நிபந்தனைகளோடு விலக்குத் தருகிறது. ஆகவே அக்கா என் மீது இந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போடுவது சுலபமில்லை. சட்டம் கேட்காத இடத்தில் நம்மை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த படிவத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: "ஆய்வு முடிந்ததும் தரவு பாதுகாப்பாக அழிக்கப்படும்." எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டோம்.

எப்படித்தான் அழிப்பது?

கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதில் சேமித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

பழைய, உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் வேலை எளிது. முழுத் தட்டையும் ஒருமுறை வேறு தரவால் மேலெழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் 1996 இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அந்தக் காலத்துப் பலவகைத் தட்டுகளுக்கும் சேர்த்துச் சொன்னது. இன்றைய தட்டுகளுக்குப் பொருந்தாது என்று பின்னாளில் அவரே விளக்கினார். முழுத் தட்டையும் அழிக்க விரும்பாதவர்கள், கோப்பை அழித்த பிறகு காலி இடத்தை மட்டும் மேலெழுதலாம். விண்டோஸிலேயே அதற்கு "சைஃபர்" என்ற கட்டளை இருக்கிறது.

இப்போது வரும் லேப்டாப்களில் இருப்பது எஸ்எஸ்டி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இதன் உள்ளே இருக்கும் நினைவக அறைகள் எழுத எழுதத் தேயும். தேய்மானத்தைச் சமமாகப் பங்கிட, நாம் ஒரே கோப்பின் மீது திரும்ப எழுதினாலும் அது சத்தமில்லாமல் வேறு அறையில் கொண்டுபோய் எழுதிவிடும். பழைய அறை அப்படியே இருக்கும். 2011 இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, தனிக் கோப்பை மேலெழுதி அழிக்கும் எந்த முறையும் எஸ்எஸ்டியில் முழுமையாக வேலை செய்யவில்லை. கோப்பின் 4 முதல் 75 விழுக்காடு வரை மிஞ்சியிருந்தது. "ஃபைல் ஷ்ரெட்டர்" என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களை எஸ்எஸ்டியில் நம்பக் கூடாது. தயாரிப்பு நிறுவனம் தரும் "செக்யூர் எரேஸ்" வசதியால் முழு எஸ்எஸ்டியையும் அழிப்பதே முறை.

பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் பெரும்பாலும் அந்த வசதிகூட இருக்காது. முழுக் கொள்ளளவையும் மேலெழுதினால் சாதாரண மீட்பு மென்பொருளுக்கு எதுவும் கிடைக்காது. ஆனால் உள்ளே மறைவாக இருக்கும் உபரி அறைகளில் என்ன மிஞ்சியது என்று சொல்ல முடியாது. உயிர் சம்பந்தப்பட்ட பதிவு என்றால், 300 ரூபாய் பொருளுக்காகக் கணக்குப் பார்க்காமல் உள்ளே இருக்கும் சிப்பை உடைத்துவிட வேண்டும். வெளிக்கூட்டை மட்டும் நசுக்கினால் போதாது. கறுப்புச் சில்லு துண்டாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட மேலான வழி, முதல் நாளே என்கிரிப்ட் செய்வது. விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட், எல்லாக் கணினியிலும் ஓடும் இலவச வெராகிரிப்ட் என ஏதாவது ஒன்று. தரவு முழுவதும் பூட்டிய வடிவத்தில்தான் சேமிக்கப்படும். திறவுகோலை அழித்துவிட்டால் மிஞ்சிக் கிடப்பது யாருக்கும் பயன்படாத எழுத்துக் குப்பை. அண்மைக்கால ஆண்ட்ராய்டு போன்களும் ஐபோன்களும் இப்படித்தான் இயங்குகின்றன. அதனால் விற்கும் முன் "ஃபேக்டரி ரீசெட்" கொடுப்பது ஓரளவு நம்பத்தக்கது. போனில் போட்ட மெமரி கார்டை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொள்ள வேண்டும். என்கிரிப்ட் செய்யாமல் ஒருமுறை எழுதிவிட்டுப் பிறகு பூட்டுவது, திருடன் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்துவது போலத்தான்.

கருவியைவிடப் பெரிய சிக்கல் பிரதிகள். அக்காவின் 47 நிமிடப் பேட்டி எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ரெக்கார்டரின் மெமரி கார்டு, லேப்டாப், பேக்கப் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், கூகுள் டிரைவ், எழுத்தில் பெயர்க்க உதவியவரின் மின்னஞ்சல், அவருடைய கணினி. ஏழு இடங்கள். அவற்றில் நான் "அழித்தது" இரண்டு. மற்றவை இருப்பதே நினைவில் இல்லை.

எந்த ரெண்டு நிமிஷம்?

அக்காவுக்கு போன் செய்ய எனக்கு நான்கு நாள் ஆனது. சொல்லாமலே எல்லாவற்றையும் சரியாக அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஆபத்து அவருடையது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவரும் அவர்தான்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "அந்தப் பொண்ணு கேட்டுச்சா?" என்றார்.

"ரெண்டு நிமிஷம் கேட்டிருக்காங்கக்கா."

"எந்த ரெண்டு நிமிஷம்?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. முதல் இரண்டு நிமிடம். என் பேட்டிகள் எல்லாமே ஒரே மாதிரிதான் தொடங்கும். பெயர், வயது, பிறந்த ஊர், சாதி, கணவரின் ஊர், சாதி. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். யார் கையில் கிடைத்தாலும் முதலில் கேட்கும்படியாக, அவரைக் காட்டிக்கொடுக்கும் அத்தனையையும் நானே முன்னால் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு எந்த ஊரு தம்பி?" என்று அடுத்துக் கேட்டார். ஊரைக் கேட்டார், கேட்டது ஊரை மட்டுமல்ல என்று இருவருக்கும் தெரியும். சாதியை மறுத்து வந்தவர், தன் குரலைக் கேட்ட ஒருத்தி என்ன சாதியோ என்று கவலைப்பட வேண்டிய நிலைக்கு நான் அவரைத் தள்ளியிருந்தேன்.

இளையவரை எனக்கு ஆறு ஆண்டுகளாகத் தெரியும், நம்பலாம் என்றேன். சரி என்றார். பிறகு, "எழுத்துல இருக்கறது இருக்கட்டும் தம்பி. நாளைக்கு என் பிள்ளைகூடப் படிக்கலாம். குரல் மட்டும் வேண்டாம்" என்றார். காப்பதா அழிப்பதா என்று நானும் நெறியாளரும் நாள்கணக்கில் விவாதித்ததை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"இப்ப நெசமாவே அழிஞ்சிருச்சா?" என்றும் கேட்டார். ஏழு இடங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பென் டிரைவையும் மெமரி கார்டையும் உடைத்துவிட்டேன். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் மேலெழுதிவிட்டேன். கூகுள் டிரைவில் குப்பைத்தொட்டி வரை காலி செய்துவிட்டேன். எழுத்தில் பெயர்த்தவரின் வீட்டுக்கே போய், அவரோடு உட்கார்ந்து மின்னஞ்சலையும் கணினியையும் சுத்தம் செய்துவிட்டு வந்தேன். மிஞ்சியது லேப்டாப். 2020 இல் அது மெதுவாக இருக்கிறது என்று ஒரு கடையில் கொடுத்து எஸ்எஸ்டி மாற்றினேன். கழற்றிய பழைய டிஸ்க் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி 200 ரூபாய் கழித்துக்கொண்டேன். இப்போது போய்க் கேட்டேன். பழைய டிஸ்க்குகளை மொத்தமாக எடைக்குப் போட்டு மூன்று ஆண்டு ஆகிறது என்றார்.

அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "கதவச் சாத்திட்டுத்தான் பேசினேன் அன்னைக்கு" என்றார். பிறகு பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரம் என்று போனை வைத்தார்.

மற்ற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். இருவரின் எண்கள் மாறிவிட்டன, தேடிக்கொண்டிருக்கிறேன்.

கள ஆய்வுக்குப் போகும் தோழர்களிடமும், உண்மை அறியும் குழுக்களில் போய் மக்களின் சொல்லைப் பதிவுசெய்து வரும் தோழர்களிடமும் சில வேண்டுகோள்கள். பெயர், ஊர், சாதி ஆகியவற்றை ஒலிப்பதிவில் கேட்காதீர்கள். ஒரு தாளில் தனியே எழுதித் தனியே வையுங்கள். ரெக்கார்டரிலிருந்து எடுக்கும் முதல் பிரதியே என்கிரிப்ட் செய்த இடத்துக்குப் போகட்டும். பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் எங்கே, எந்தத் தேதியில் என்று குறித்து வையுங்கள். ஒப்புதல் படிவத்தில் "பாதுகாப்பாக அழிக்கப்படும்" என்ற வரியை எடுத்துவிட்டு, எதை வைத்துக்கொள்வோம், எதை, எப்போது, எப்படி அழிப்போம், அழித்ததை எப்படித் தெரிவிப்போம் என்று எழுதுங்கள். பேசுகிறவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுங்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் எத்தனை ஆண்டு, யார் பொறுப்பில் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் துறையில் இந்தப் பருவம் முதல் புதிய ஆய்வாளர்களுக்கு இதை ஒரு மதிய வகுப்பாக நடத்த அனுமதி கேட்டிருக்கிறேன். அந்த இளையவரும் சேர்ந்து நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார். உடைத்த பென் டிரைவை வகுப்புக்கு எடுத்துப் போகப்போகிறேன்.